கோயில் சின்னங்கள்: விளக்குக் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் பித்தளை விளக்குகளும் பூசைச் சாமான்களும் விற்கும் சிறிய கடை என்னுடையது. வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் நவக்கிரகக் கோயில்களுக்குப் போய்விட்டு வருகிறவர்கள். பொருளைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தபடியே சந்தேகம் கேட்பார்கள். காலையில் ஒருவர் கேட்டதையே மாலையில் இன்னொருவர் கேட்கிறபோது, எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. செல்பேசியில் சுற்றி வரும் ‘அறிவியல் விளக்கங்கள்’ பல, நம் முன்னோர் சொன்ன பொருளை விட்டு வெகுதூரம் போய்விட்டன. அந்த வருத்தமும் இதை எழுத ஒரு காரணம். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்ப்படியே கொடுத்திருக்கிறேன்.

சின்னம் என்றால் சாமியா, சாமிக்கு அடையாளமா?

இரண்டும்தான். அது இருக்கும் இடத்தைப் பொறுத்தது. பெருமாள் கையில் இருக்கும் சக்கரம், அவர் பெருமாள் என்று நமக்குக் காட்டிக்கொடுக்கும் அடையாளம். இங்கே கும்பகோணம் சக்கரபாணி கோயிலில் அதே சக்கரமே மூலவர். எட்டுக் கைகளோடு கருவறையில் நிற்கிறார். முருகன் கையில் வேல் ஆயுதம். சிலையே இல்லாமல் வேலை மட்டும் நட்டுக் கும்பிடும் இடத்தில் வேல்தான் முருகன்.

ஆகவே எந்தச் சின்னத்தைப் பார்த்தாலும், யார் கையில் இருக்கிறது, எந்தப் பக்கம் பார்க்கிறது, அருகில் என்ன இருக்கிறது என்று முதலில் கவனியுங்கள். தனியே பிடுங்கி எடுத்து அர்த்தம் கேட்டால் பாதிப் பதில்தான் கிடைக்கும். கீழே பல இடங்களில் இந்தப் பதிலுக்குத் திரும்பி வருவேன்.

குத்துவிளக்கின் உச்சியில் ஏன் அன்னம்? மயில் வைத்ததை வாங்கினால் தப்பா அண்ணே?

தப்பே இல்லை. பாலில் கலந்த நீரை விட்டுப் பாலை மட்டும் பருகும் பறவை என்று அன்னத்தை நம் நூல்கள் சொல்கின்றன. நல்லதையும் அல்லாததையும் பிரித்து அறிவதற்கு அது அடையாளம். விளக்கு என்றாலே அறிவு. அதன் தலையில் பகுத்தறியும் பறவையை வைத்தார்கள். முருகனடியார்கள் மயில் கேட்பார்கள். வைணவர்கள் சங்கு சக்கரமோ நாமமோ வைத்ததைக் கேட்பார்கள். எல்லாம் அவரவர் வீட்டு வழக்கம்.

இந்த விளக்குகள் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் நாச்சியார்கோயிலில் வார்க்கப்படுகின்றன. நாச்சியார்கோயில் குத்துவிளக்குக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. குழந்தைகள் வந்தால் ஒரு விளக்கைக் கழற்றிக் காட்டுவேன். அடிப்பீடம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் பிரபை. ஒவ்வொன்றும் மரை போட்டுத் திருகிக் கோத்தது. பீடம் பிரமன், தண்டு திருமால், தட்டு உருத்திரன் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஐந்து முகத்தை ஐம்பூதம் என்பாரும் உண்டு, ஐந்தெழுத்து என்பாரும் உண்டு. எனக்குப் பிடித்தது தட்டில் கண்ணுக்குத் தெரிவதுதான். ஐந்து திரியும் ஐந்து திசையில் எரிந்தாலும் குடிப்பது ஒரே எண்ணெயை.

ஓம் என்றால் உண்மையில் என்ன பொருள்?

அ, உ, ம் என்ற மூன்று ஒலிகள் சேர்ந்தது ஓம். வாயைத் திறந்தால் அ, குவித்தால் உ, மூடினால் ம். பேச்சு தொடங்கும் இடத்திலிருந்து முடியும் இடம் வரை இந்த ஓர் ஒலிக்குள் அடங்கிவிடுகிறது. மாண்டூக்கிய உபநிடதம் இந்த மூன்றையும் விழிப்பு, கனவு, ஆழ்ந்த உறக்கம் என்ற மூன்று நிலைகளாகச் சொல்லி, ஓம் ஒலித்து அடங்கியபின் வரும் அமைதியை நான்காவது நிலை என்கிறது. ஆகவே ஓம் சொல்லும்போது சொல்லி முடித்த பிறகு ஒரு கணம் சும்மா இருங்கள். அதுவும் சேர்ந்ததுதான் ஓம்.

சுவாமிமலையில் முருகன் தந்தைக்கே இதன் பொருளை உபதேசித்தான் என்பது தலபுராணம். அதனால்தான் அவனுக்குத் தகப்பன்சாமி என்று பெயர். அங்கே ஏறும் 60 படிகளைத் தமிழ் ஆண்டுகள் 60 என்று எண்ணிக்கொண்டே ஏறுவார்கள். ஓம் சைவ வைணவர்களுக்கு மட்டும் உரியதல்ல. அருகர், அசரீரர் (உடலற்ற சித்தர்), ஆசாரியர், உபாத்தியாயர், முனிவர் என்ற ஐந்து பரமேட்டிகளின் முதல் ஒலிகள் சேர்ந்தது ஓம் என்று சமணர்கள் கொள்கிறார்கள். திபெத்தியப் பௌத்தர்களின் ‘ஓம் மணி பத்மே ஹூம்’ மந்திரமும் ஓம் என்றே தொடங்குகிறது. சீக்கியர்களின் குரு கிரந்த சாகிப் ‘இக் ஓங்கார்’ என்று தொடங்குகிறது.

பிள்ளையார் சுழியும் ஓமும் ஒன்றுதானா?

‘உ’ என்பது ஓங்காரத்தின் நடு எழுத்து என்று சொல்பவர்கள் உண்டு. ஏடு பதமாக இருக்கிறதா, எழுத்தாணி ஓடுகிறதா என்று பார்க்க ஓலையில் முதலில் ஒரு சுழியும் கோடும் போட்டுப் பார்த்ததே வழக்கமாகிவிட்டது என்பாரும் உண்டு. பிள்ளையாரை நினைத்துத் தொடங்குகிறோம் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

விபூதியை ஏன் மூன்று கோடாகப் பூச வேண்டும்?

எதை எரித்தாலும் கடைசியில் மிஞ்சுவது சாம்பல். அதற்குமேல் அதை எரிக்க முடியாது. எல்லாம் போனபின் நிற்பவன் இறைவன் என்பதை அது நினைவூட்டுகிறது. மூன்று கோடுகளுக்குச் சைவ சித்தாந்தம் தரும் விளக்கம் மும்மலம்: ஆணவம், கன்மம், மாயை. உயிரைக் கட்டியிருக்கும் அந்த மூன்றும் எரிந்து நீறாக வேண்டும் என்ற வேண்டுதலை நெற்றியில் போட்டுக்கொள்கிறோம்.

நெற்றியில் உள்ள ஈரத்தை உறிஞ்சும், தலைவலியைத் தடுக்கும் என்று வரும் செய்திகளை நான் யாருக்கும் சொல்வதில்லை. சீர்காழிப் பிள்ளையான சம்பந்தர், மதுரையில் பாண்டியனின் வெப்புநோய் தீரத் திருநீற்றுப் பதிகம் பாடினார் என்பது நம் மரபு. அந்தப் பதிகம் நீற்றை மந்திரம் என்று சொல்லித் தொடங்குகிறது. அவர் பாடியது அருளை. வைத்தீஸ்வரன்கோயிலில் கொடுக்கும் திருச்சாந்துருண்டையையும் அப்படித்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். வைத்தியரிடம் போவதையும் நிறுத்தக் கூடாது.

நாமம் ஒன்று பாதம் வைத்திருக்கிறது, ஒன்று இல்லாமல் இருக்கிறது. எது சரி?

வடகலை நாமம் அடியில் வளைந்து முடியும். தென்கலை நாமம் மூக்கின் மேல் பாதம் போல ஒரு துண்டு இறங்கி நிற்கும். திருவரங்கத்தில் பார்ப்பது தென்கலை. இரண்டிலும் வெள்ளைத் திருமண் திருமாலின் திருவடி. நடுவில் இருக்கும் ஸ்ரீசூர்ணக் கோடு தாயார். பெருமாளைத் தாயாரோடு சேர்த்துத்தான் நெற்றியில் வைக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எதை இட்டார்களோ அதுவே உங்களுக்குச் சரி.

லிங்கத்தைப் பற்றி ஒரு மாதிரி சொல்கிறார்களே, அது உண்மையா?

இதை எல்லோரும் குரலைத் தாழ்த்தியே கேட்கிறார்கள். தாழ்த்த வேண்டியதில்லை. லிங்கம் என்ற வடசொல்லுக்குக் குறி, அடையாளம் என்று பொருள். புகையைக் கண்டு நெருப்பு உண்டு என்று அறிகிறோம் அல்லவா, அந்தப் புகையைத் தருக்க நூலார் லிங்கம் என்பார்கள். ஆண்பால் பெண்பாலைக் குறிக்க வடமொழி இலக்கணத்திலும் இதே சொல்தான். ஆந்திராவில் குடிமல்லத்தில் உள்ள மிகப் பழைய லிங்கம் ஆண்குறியின் வடிவில்தான் செதுக்கப்பட்டிருக்கிறது. அதை மறைப்பதால் சைவத்துக்குப் பெருமை சேராது. படைப்பின் அடையாளமாக ஒரு காலத்தில் அப்படி வணங்கியிருக்கிறார்கள்.

ஆனால் நம் காவிரிக் கரையில் நிற்கும் லிங்கத்தின் பொருளை அதோடு நிறுத்திவிடக் கூடாது. சைவ சித்தாந்தத்தில் இறைவனுக்கு மூன்று நிலை: வடிவமே இல்லாத அருவம், நடராசர் போன்ற உருவம், இரண்டுக்கும் நடுவே அருவுருவம். முகமும் கையும் இல்லாத, ஆனால் கண்ணுக்குத் தெரிகிற லிங்கம் அந்த அருவுருவம். அதன் அடிப்பகுதி சதுரம், அது பிரமன் பாகம். நடுப்பகுதி எட்டுப் பட்டை, திருமால் பாகம். மேலே உருண்டையாக இருப்பது உருத்திர பாகம். முதல் இரண்டும் பீடத்துக்குள் மறைந்துவிடுவதால் நாம் பார்ப்பது மேல்பகுதியை மட்டும். அடுத்த முறை சிவன் கோயிலைச் சுற்றும்போது கருவறையின் பின்சுவரில் இருக்கும் லிங்கோத்பவரைப் பாருங்கள். நெருப்புத் தூண் பிளந்து சிவன் நிற்க, அடியைத் தேடிப் பன்றி கீழே தோண்டுகிறது. முடியைத் தேடி அன்னம் மேலே பறக்கிறது. அளவிட முடியாதது என்பதை அந்தச் சிற்பம்போல வேறு எதுவும் எனக்குப் புரியவைத்ததில்லை.

எல்லா லிங்கமும் கல் என்று நினைக்காதீர்கள். திருவாரூரில் மூலவர் புற்று, அதனால் புற்றிடங்கொண்டார். எங்கள் ஊர் ஆதிகும்பேசுவரர் மண்ணால் ஆனவர். ஆகவே நீர் அபிஷேகம் கிடையாது, புனுகுதான் சாத்துவார்கள். திருவானைக்காவில் லிங்கத்தைச் சுற்றி நீர் ஊறுகிறது. ஐம்பூதத் தலங்களில் அது நீர்.

நடராசர் சிலையில் இத்தனை இருக்கிறதே, எதை முதலில் பார்க்க வேண்டும்?

இரண்டு வலக்கைகளில் தொடங்குங்கள். பின்கையில் துடி என்ற உடுக்கை, ஒலியிலிருந்து படைப்பு. முன்கை ‘அஞ்சாதே’ என்கிறது, அது காத்தல். இடப்பக்கப் பின்கையில் நெருப்பு, அழித்தல். ஊன்றிய கால் மறைத்தல், தூக்கிய கால் அருளல். ஐந்தொழில்களை இப்படிப் பிரித்துக் காட்டுவது ‘உண்மை விளக்கம்’ என்ற சித்தாந்த நூல். நான்காவது கை வளைந்து தூக்கிய பாதத்தைக் காட்டுகிறது: ‘இங்கே வா’ என்பதுபோல. சுற்றியிருக்கும் நெருப்பு வளையமான திருவாசியை ஓங்காரம் என்று அதே நூல் சொல்கிறது. மேலே ஓம் பற்றிச் சொன்னதை இதோடு சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

காலடியில் கிடக்கும் முயலகனைப் பலரும் செத்த அரக்கன் என்று நினைக்கிறார்கள். உற்றுப் பாருங்கள், அவன் தலையைத் தூக்கி மேலே பார்க்கிறான். அறியாமைக்கு அவன் உருவம். அறியாமை செத்துப்போவதில்லை, அடங்கித்தான் கிடக்கும் என்று சிற்பி காட்டியிருக்கிறார்.

சுவாமிமலைப் பட்டறை ஒன்றில் வார்ப்பு நடந்ததை ஒருமுறை அருகில் நின்று பார்த்தேன். மெழுகில் நகக்கண் வரை செய்து முடித்த நடராசர். அதன்மேல் காவிரி வண்டலைக் குழைத்து மெல்லிய பூச்சாகப் பூசி, காயவைத்து, மறுபடி பூசிக் கனமாக்கினார்கள். பிறகு சூடேற்றியதும் மெழுகு உருகித் துளை வழியாக ஒழுகிப் போனது. உள்ளே வெறும் இடம். அந்த வெற்றிடத்தில் உலோகக் குழம்பை ஊற்றினார்கள். ஆறியபின் மண்ணை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும். ஆகவே ஓர் அச்சுக்கு ஒரு சிலைதான். 2023-ல் புது தில்லியில் ஜி20 மாநாட்டு அரங்கின் முன் நிறுத்திய 27 அடி நடராசரையும் சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகு வார்ப்பில்தான் செய்தார்கள்.

அணுவின் நடனத்தைத்தான் சோழர்கள் நடராசராகச் செய்தார்கள் என்கிறார்களே?

ஜெனீவாவுக்கு அருகில் உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் இந்தியா பரிசளித்த நடராசர் 2004 முதல் நிற்கிறது. அதனால் வந்த பேச்சு இது. இயற்பியல் அறிஞர்கள் தங்கள் துறையை விளக்க நம் சிலையை உவமையாக எடுத்துக்கொண்டார்கள். அது நமக்குப் பெருமை. ஆனால் சோழர் காலத்துச் சிற்பி மனத்தில் இருந்தது முந்தைய பதிலில் சொன்ன ஐந்தொழில். அவருக்கு அணு தெரிந்திருக்க வேண்டும் என்று நாம் வற்புறுத்தினால், அவருக்கு உண்மையில் தெரிந்திருந்ததை யாரும் கேட்காமல் போய்விடுவார்கள்.

நந்தியின் காதில் வேண்டுதலைச் சொல்லலாமா? தஞ்சாவூர் நந்தி வளர்கிறதாமே?

காதில் சொல்வது மக்கள் வழக்கம். விக்கிரகத்தைத் தொடாமல் மனத்துக்குள் சொன்னாலும் போதும். நந்தி சிவனையே பார்த்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. அதன் பொருளே அந்தக் காத்திருப்புதான். ஆகவே நடுவே குறுக்கிட்டுப் போகாதீர்கள். இரண்டு ஊர்களில் நந்தி நேர்கோட்டிலிருந்து சற்று விலகியிருக்கும். திருப்புன்கூரில் வெளியே நின்ற நந்தனாருக்காகவும், பட்டீஸ்வரத்தில் நடந்து வந்த சம்பந்தருக்காகவும் விலகச் சொன்னதாகத் தலபுராணம். அடியவர் பார்வைக்கு முன்னால் வாகனமும் வழிவிட வேண்டும் என்பதைக் கல்லையே நகர்த்திச் சொல்லியிருக்கிறார்கள்.

தஞ்சை நந்தி வளரவில்லை. இராசராசன் பெரிய கோயிலை 1010-ல் முடித்தான். இப்போது நாம் பார்க்கும் பெரிய நந்தி அதற்குப் பல நூற்றாண்டு கழித்து நாயக்கர் காலத்தில் வைத்தது. ஒரே கல்லில் அவ்வளவு பெரிதாகச் செய்திருக்கிறார்கள் என்பதே போதிய வியப்பு.

சாமிக்கும் சங்கு, சாவுக்கும் சங்கு. மங்கலமா அமங்கலமா?

இந்தக் கேள்வியைக் கேட்ட அம்மாவை நான் மறக்கவே மாட்டேன். சங்கைக் கையில் எடுத்துவிட்டு வாங்கலாமா வேண்டாமா என்று தயங்கி நின்றார். நம் பக்கத்து வீடுகளில் குழந்தைக்கு முதலில் பால் புகட்டியது சங்கில்தான். கார்த்திகைச் சோமவாரத்தில் சிவன் கோயிலில் 1008 சங்கு வைத்து அபிஷேகம் செய்கிறார்கள். பெருமாள் கையில் அது பாஞ்சசன்னியம். கடைசி ஊர்வலத்திலும் அதே சங்குதான் முன்னால் போகிறது. சங்கொலி ஓங்காரம், உயிர் வரும்போதும் போகும்போதும் அந்த ஒலி துணை இருக்கட்டும் என்பதே எண்ணம். அமங்கலம் என்று ஒதுக்க அதில் எதுவும் இல்லை.

வலம்புரிச் சங்கை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஊதும் பக்கம் கீழே, நீண்டு கூம்பிய வால் பக்கம் மேலே, வாய் உங்களைப் பார்க்கும்படி பிடியுங்கள். வாய் இடப்பக்கம் திறந்திருந்தால் இடம்புரி. வலப்பக்கம் திறந்திருந்தால் வலம்புரி. நம் கடலில் கிடைக்கும் சங்குகளில் வலம்புரி மிக மிக அரிது, அதனாலேயே விலை. அமெரிக்கக் கடற்கரையில் சாதாரணமாகவே அந்தப் பக்கம் திறக்கும் வேறு இனச் சங்கு ஒன்று இருக்கிறது. அதைக் கொண்டுவந்து வலம்புரி என்று விற்பவர்கள் உண்டு. காதில் வைத்தால் ஓசை கேட்பது சோதனையே அல்ல. குவிந்த எந்த ஓட்டிலும் கேட்கும். கடன் வாங்கி வலம்புரி வாங்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பூசைக்கு இடம்புரி தாராளமாகப் போதும்.

சக்கரத்தைப் பெருமாளுக்குச் சிவன் கொடுத்தாரா?

கும்பகோணத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் திருவீழிமிழலையில் அப்படித்தான் சொல்வார்கள். நாள்தோறும் ஆயிரம் தாமரையால் திருமால் பூசித்தார். ஒரு நாள் ஒரு மலர் குறைய, தன் கண்ணையே எடுத்து வைத்தார். மகிழ்ந்த சிவன் சக்கரத்தை அளித்தார். தேவாரத்திலும் இந்தச் செய்தி வருகிறது. வைணவர்களோ சக்கரத்தாழ்வார் பெருமாளை விட்டு என்றும் பிரியாத நித்தியர் என்கிறார்கள்.

கடைக்கு முன்னால் நின்றே இதற்காகச் சண்டை போட்டவர்கள் உண்டு. எனக்குத் தோன்றுவது: அந்தக் கதையில் உயர்ந்து நிற்பது ஒரு மலருக்காகக் கண்ணைக் கொடுத்த பக்தன். அந்தப் பக்தன் திருமால் என்று சைவர்களே சொல்லி வைத்திருக்கிறார்கள்.

மகன் ஜெர்மனியில் இருக்கிறான். வாசலில் ஸ்வஸ்திகம் ஒட்டலாமா?

பூசையறைக்குள் வைத்துக்கொள்ளட்டும். வெளிவாசலில் வேண்டாம், கோலமோ ஓமோ போதும். ஸ்வஸ்தி என்றால் நலம் உண்டாகுக என்று பொருள். சிந்துவெளி முத்திரைகளிலேயே இந்தக் குறி இருக்கிறது. நாஜிக் கட்சி இதை 1920-ல் தன் கொடியில் எடுத்துக்கொண்டது. வெள்ளை வட்டத்துக்குள், சாய்த்து நிறுத்திய கறுப்புக் குறி அவர்களுடையது. நம்முடையது நேராக நிற்கும், பெரும்பாலும் நான்கு புள்ளிகளோடு. வேறுபாடு நமக்குத் தெரியும். ஆனால் அந்தக் கொடியின்கீழ் குடும்பத்தை இழந்தவர்களின் பேரப்பிள்ளை அந்தத் தெருவில் இருக்கலாம். அங்கே நாஜிச் சின்னங்களுக்குச் சட்டத் தடையும் உண்டு. நம் மங்கலக்குறி ஒருவர் நெஞ்சைக் கலங்கடிக்கக் கூடாது.

இந்தக் குறி தமிழ்நாட்டுக்கு வடக்கிலிருந்து நேற்று வந்தது என்று நினைப்பவர்கள் திருச்சிக்கு வடக்கே திருவெள்ளறைக்குப் போக வேண்டும். பல்லவன் தந்திவர்மன் காலத்தில் கம்பன் அரையன் என்பவர் வெட்டிய மார்ப்பிடுகு பெருங்கிணறு ஸ்வஸ்திக வடிவில் இருக்கிறது. நான்கு திசையிலிருந்தும் படிகள் இறங்கி, ஒவ்வொன்றும் ஒரு முறை மடங்கித் தண்ணீரை அடைகின்றன. ஒரு படித்துறையில் குளிப்பவரை மற்றத் துறையில் இருப்பவர் பார்க்க முடியாது.

சமணர்களின் ஸ்வஸ்திகத்துக்கு மேல் மூன்று புள்ளியும் ஒரு பிறையும் அதில் ஒரு புள்ளியும் இருக்கும். நான்கு கைகள் தேவர், மனிதர், விலங்கு, நரகர் என்ற நான்கு பிறவிகள். மூன்று புள்ளிகள் நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம். பிறை, வீடுபெற்றவர்கள் தங்கும் உலகம்.

ஆறுமுனை நட்சத்திரம் யூதர்களுடையதல்லவா? முருகன் படத்தில் ஏன்?

மேல்நோக்கிய முக்கோணம் சிவம், கீழ்நோக்கியது சக்தி. இரண்டும் ஒன்றைக் கோத்து ஒன்று நிற்பது அறுகோணம். முனைகளில் ‘சரவணபவ’ என்ற ஆறெழுத்தை எழுதினால் முருகனுக்கு உரியது. சுதர்சனச் சக்கரத்திலும் அறுகோணம் உண்டு. யூதர்கள் அதைத் தங்கள் அடையாளமாகக் கொண்டது தனி வரலாறு. முதல் பதிலில் சொன்னதுதான் இங்கும்: உள்ளே எழுதியிருப்பதைப் பாருங்கள்.

தீபங்குடி கோயிலில் காளை இருக்கிறது. அது முன்பு சிவன் கோயிலா?

இல்லை. குடவாசல் பக்கம் உள்ள தீபங்குடி சமணக் கோயில். கலிங்கத்துப்பரணி பாடிய செயங்கொண்டாரின் ஊர். அங்கே மூலவர் ஆதிநாதர். சமணத் தீர்த்தங்கரர்கள் 24 பேருக்கும் உருவம் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும், யார் என்று சொல்வது பீடத்தில் இருக்கும் சிறிய குறிதான். ஆதிநாதருக்குக் காளை, மகாவீரருக்குச் சிங்கம், பார்சுவநாதருக்குப் பாம்பு. மன்னார்குடியில் உள்ள மல்லிநாதருக்குக் கலசம். எங்கள் கும்பகோணத்து சந்திரப்பிரபருக்குப் பிறை. பிறையைக் கண்டு சிவன் என்றும் சிலர் கும்பிட்டுவிட்டு வருகிறார்கள்; கும்பிட்டது வீண் போகாது, ஆனால் யாரைக் கும்பிட்டோம் என்று தெரிந்துகொள்வது மரியாதை.

நந்தி எதிரே உட்கார்ந்து சாமியைப் பார்க்கும். ஆதிநாதரின் காளை அவர் பீடத்தில் பொறித்திருக்கும். தலைக்கு மேல் மூன்று குடை அடுக்கியிருந்தால் அருகர் என்று உறுதியாகச் சொல்லலாம்.

நாகப்பட்டினம் புத்தர் தலையில் இருப்பது கிரீடமா?

நெருப்புச் சுடர். ஞானம் பெற்றதன் அடையாளமாகத் தலைமுடியின் உச்சியில் ஒரு சுடர் எழுவதுபோல வார்த்திருக்கிறார்கள். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் நாகப்பட்டினத்துப் புத்தர்களைப் பார்க்கலாம். இராசராசன் காலத்தில் ஸ்ரீவிசய அரசன் நாகையில் சூடாமணி விகாரம் என்ற புத்த மடத்தைக் கட்டினான். சிவபக்தனான சோழன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடுத்தான். அந்தக் கொடையைச் சொல்லும் செப்பேட்டைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறையும்.

புத்தரின் சக்கரம் ஆயுதமல்ல. சாரநாத்தில் அவர் முதலில் போதித்ததை ‘அறவாழி உருட்டினார்’ என்பார்கள். எட்டு ஆரங்கள் எண்வழியைக் குறிக்கும். நம் தேசியக் கொடியில் 24 ஆரங்களோடு இருப்பது அசோகரின் சாரநாத் தூணிலிருந்து எடுத்தது. டெல்டாவில் வயலிலும் குளக்கரையிலும் கிடைத்த புத்தர் சிலைகள் பல. சில ஊர்களில் அவரை முனி, ரிஷி என்று சொல்லிப் படையல் போடுகிறார்கள்.

கோபுரக் கலசத்தில் தானியம் போடுவது இடிதாங்கிக்காகவா?

கலசம் என்றால் நிறைகுடம். உயிரும் வளமும் ததும்பும் பாத்திரம். தானியம் போடுவது அந்த நிறைவுக்காக. அதனால் குடமுழுக்கின்போது பழையதை எடுத்துவிட்டுப் புதிது நிரப்புகிறார்கள். உச்சியில் செம்பு இருப்பதால் இடி விழாது என்று நம்பி யாரும் கோபுரத்தடியில் மழைக்கு ஒதுங்கவேண்டாம். பெரிய கோபுரங்களில் இடிதாங்கி தனியாகப் பொருத்துகிறார்கள்.

எங்கள் ஊர்ப் பெயரே ஒரு குடம். ஊழியில் மிதந்து வந்த அமுதக் குடத்தைச் சிவன் வேடனாக வந்து அம்பெய்து உடைத்தார் என்பது புராணம். தேவாரத்தில் ஊருக்குக் குடமூக்கு என்று பெயர். அமுதம் தேங்கிய இடங்களில் ஒன்றாகச் சொல்வது மகாமகக் குளம். 2016-ல் மகாமகம் நடந்தது, அடுத்தது 2028-ல்.

கோயிலிலும் கொடியேற்றம், வேளாங்கண்ணியிலும் கொடியேற்றம், நாகூரிலும் கொடியேற்றம். ஒன்றா?

நம்பிக்கை வேறு, சின்னம் இந்த மண்ணுக்குப் பொது. விழா தொடங்கிவிட்டது, எல்லோரும் வாருங்கள் என்ற அழைப்பு. கொடி இறங்கும் வரை ஊர் விழாவுக்கு உரியது.

சிதம்பரத்தில் திரையை விலக்கினால் ஒன்றுமே இல்லையே. அதற்கா இவ்வளவு கூட்டம்?

தொங்கும் பொன் வில்வ மாலைகள் இருக்கின்றன. அவற்றுக்குப் பின்னால் வெட்டவெளி. ஐம்பூதத் தலங்களில் சிதம்பரம் ஆகாயம். சின்னங்கள் எல்லாம் ஏதோ ஒன்றைக் காட்டுகின்றன. இங்கே காட்ட எதையும் வைக்காததே சின்னம். மெழுகு ஒழுகியபின் அச்சுக்குள் நான் பார்த்த வெற்றிடம் இதைப் பார்க்கும்போது நினைவுக்கு வரும். அதிலிருந்துதான் நடராசர் வந்தார்.

திருவாரூர்த் தியாகராசர் வேறு மாதிரி. உருவம் இருக்கிறது; முகம் தவிர மற்றதெல்லாம் மலராலும் ஆடையாலும் மூடியிருக்கும். பாத தரிசனம் மார்கழித் திருவாதிரைக்கும் பங்குனி உத்திரத்துக்கும்தான். அன்று கூட்டத்தில் நின்று அந்தப் பாதத்தைப் பார்த்தவர்களிடம் ஏன் மூடிவைக்கிறார்கள் என்று நீங்கள் கேட்க வேண்டியிருக்காது.

உடைந்த விளக்கு, பழைய சாமி படம், காலுடைந்த பொம்மை. ஆற்றில் விட்டுவிடலாமா?

வேண்டாம், காவிரியும் அரசலாறும் குப்பைத் தொட்டியல்ல. காகிதப் படத்தைக் கும்பிட்டுவிட்டு எரித்துச் சாம்பலைச் செடிக்குப் போடுங்கள். சுடுமண் பொம்மையைத் தண்ணீரில் ஊறவைத்துத் தோட்டத்து மண்ணில் கலந்துவிடுங்கள். கும்பிடுகிற வரையில்தான் அதில் சாமி. விடைகொடுத்துவிட்டால் அது காகிதம், அது மண்.

பித்தளையும் வெண்கலமும் என்றால் கடைக்குக் கொண்டுவாருங்கள். எடைக்கு உரிய பணத்தைக் கொடுத்துவிட்டு நாச்சியார்கோயில் பட்டறைக்கு அனுப்பிவிடுவேன். சென்ற தையில் ஒரு பாட்டி மாமியார் கொடுத்த கால் உடைந்த காமாட்சி விளக்கைக் கொண்டுவந்தார். கொடுக்க மனமில்லாமல் முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தார். அந்த உலோகத்தையே சேர்த்து ஒரு சிறிய விளக்கு வார்த்துக் கொடுக்கச் சொன்னேன். மாசியில் பேத்தி வந்து வாங்கிப்போனாள்.